செயலி எழுதிவைக்கும் பிழைக் கணக்கு

சேந்தமங்கலம் கடைவீதியில் கல்யாண ஆல்பம் வடிவமைத்துத் தரும் கடை ஒன்றில் ஒரு மேசைக் கணினி இருக்கிறது. முகூர்த்த மாதங்களில் அதற்கு ஓய்வே கிடையாது. படங்களைத் திறந்து, வெட்டி, ஒட்டி, நிறம் திருத்தி, அச்சுக்குப் போகும் கோப்பாக மாற்றிக்கொண்டே இருக்கும். ஒருநாளும் அது பாதியில் நின்றதில்லை, வேகமும் குறைந்ததில்லை. ஆனால் விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்து சிஸ்டம் பதிவுகளுக்குள் போனால் மஞ்சள் முக்கோணங்கள் வரிசைகட்டி நின்றன. எழுதியது டபிள்யூ.எச்.இ.ஏ. லாகர், நிகழ்வு எண் 19. வன்பொருளில் பிழை நேர்ந்தது, திருத்தப்பட்டது என்பது செய்தி. தெரிவித்த பாகம் செயலியின் கோர். பிழையின் வகை, உட்புறப் பாரிட்டி பிழை. ஏ.பி.ஐ.சி. எண் 6.

"திருத்திட்டேன்னு அதுவே சொல்லுதுங்களே, அப்புறம் நாம என்னத்துக்குங்க கவலைப்படணும்?" என்று கேட்டார் கடைக்காரர்.

நியாயமான கேள்வி. இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டுமானால், இன்னும் அடிப்படையான வேறொரு கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். தான் தவறு செய்தது ஒரு சில்லுக்கு எப்படித் தெரிகிறது? செயலிக்குள் இருப்பவை பூச்சியமும் ஒன்றும் மட்டுமே. ஒரு பூச்சியம் தவறுதலாக ஒன்றாக மாறிவிட்டால், அந்த ஒன்றின் மேல் தவறு என்று எழுதி ஒட்டியிருக்காது. சரியான ஒன்று எப்படி இருக்குமோ அப்படியேதான் அதுவும் இருக்கும்.

நாமக்கல் பக்கத்து வாசகர்களுக்கு இதை முட்டை அட்டையை வைத்தே சொல்லிவிடலாம். ஓர் அட்டையில் 5 வரிசை, வரிசைக்கு 6 குழி, மொத்தம் 30 முட்டை. பண்ணை வெள்ளை முட்டையையும் நாட்டுக்கோழியின் பழுப்பு முட்டையையும் ஏதோ ஓர் ஒழுங்கில் கலந்து அடுக்கியிருக்கிறோம். ஒவ்வொரு வரிசையிலும் பழுப்பு முட்டைகள் இரட்டைப்படையா ஒற்றைப்படையா என்று ஓரத்தில் குறித்துக்கொள்கிறோம். மேலிருந்து கீழாக ஓடும் 6 பத்திகளுக்கும் அப்படியே குறிக்கிறோம். போகிற வழியில் யாரோ ஒரு வெள்ளையை எடுத்துவிட்டுப் பழுப்பை வைத்துவிட்டார்கள். அட்டை வந்து சேர்ந்ததும் எண்ணிப் பார்த்தால் ஒரே ஒரு வரிசையும் ஒரே ஒரு பத்தியும் குறிப்போடு ஒத்துவராது. அவை இரண்டும் வெட்டிக்கொள்ளும் குழியில்தான் மாற்றம் நடந்திருக்கிறது. அங்கே இருப்பது பழுப்பு என்றால் முன்பு இருந்தது வெள்ளை. அடுக்கும்போது பார்த்திராத ஆள்கூட அட்டையைப் பழையபடி சரிசெய்துவிட முடியும். ஒரே வரிசையில் இரண்டு முட்டை மாறியிருந்தால் கதை வேறு. வரிசைக் கணக்கு ஒத்துப்போய்விடும், இரண்டு பத்திகள் மட்டும் பிசகும். தவறு நடந்தது நிச்சயம், எந்த வரிசையில் என்பதுதான் தெரியாது.

செயலிக்குள் நடப்பது இதன் சுருக்கமான, சிக்கனமான வடிவம். அந்தச் சிக்கனத்தைக் கண்டுபிடித்தவர் ரிச்சர்டு ஹாமிங். 1947ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில், ரிலேக்களால் ஆன ஒரு கணினியில் வார இறுதிகளில் தன் கணக்குகளை ஓடவிட்டுவிட்டுப் போவார். இடையில் பிழை வந்தால் அதைக் கண்டுகொள்ளும் திறன் அந்த இயந்திரத்துக்கு இருந்தது. வார நாளாக இருந்தால் ஆட்கள் வந்து சரிசெய்வார்கள். வார இறுதியில் ஆள் இருக்கமாட்டார்கள் என்பதால், இயந்திரம் அந்தக் கணக்கைக் கைவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் விடை இருக்காது. பிழை இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு, எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துத் திருத்த மட்டும் ஏன் முடியாது என்ற எரிச்சலில் பிறந்தது அவருடைய குறிமுறை. 1950இல் அது கட்டுரையாக வெளியானது. நம் அட்டையில் 30 முட்டைக்கு 11 குறிப்புகள் தேவைப்பட்டன. ஹாமிங் முறையில் 6 போதும். 64 பிட்டுக்கு 7. கூடவே ஒன்று சேர்த்து 8 ஆக்கினால், ஒரு பிட் மாறினால் திருத்தலாம், இரண்டு மாறினால் கண்டுபிடிக்கவாவது செய்யலாம். சர்வர் நினைவகங்களில் 64 பிட் தகவல் 72 பிட்டாகப் போய்வருவது இந்த 8 பிட் காவலர்களோடுதான். இந்தத் துறையில் நம் நாட்டவரின் பங்கும் பெரியது. கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் வளர்ந்த ராஜ் சந்திர போஸ், தன் மாணவர் ரே சௌதுரியோடு சேர்ந்து 1960இல் அமெரிக்காவில் வெளியிட்ட குறிமுறை, ஒரே நேரத்தில் பல பிட் பிழைகளைத் திருத்தக்கூடியது. பிரெஞ்சுக்காரரான ஹோக்கெங்கெம் அதைத் தனியாக 1959இலேயே கண்டடைந்திருந்ததால், மூவர் பெயரின் முதலெழுத்துகளோடு அது பி.சி.எச். குறிமுறை என்று வழங்குகிறது. ஃபிளாஷ் நினைவகங்களின் பிழைகளைத் திருத்த இதைப் பெரிதும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

செயலியின் எல்லா இடங்களிலும் ஒரே அளவு காவல் கிடையாது. கோருக்கு மிக அருகில் இருக்கும் கட்டளைக் கேஷ் எனும் சிறு நினைவகத்துக்குப் பெரும்பாலும் பாரிட்டி எனும் ஒற்றை-இரட்டைச் சோதனை மட்டும் உண்டு. பிழை தெரிந்ததும் அந்த வரியைத் தூக்கி எறிந்துவிட்டு, அடுத்த அடுக்கிலிருந்து நல்ல பிரதியை வாங்கிக்கொள்ளும். இன்னொரு பிரதி இருக்கிற இடத்தில் இதுவே போதும். அப்படிப் பிரதி இல்லாத தகவலும் தங்கும் பெரிய கேஷ்களில் முழுத் திருத்தக் குறிமுறை இருக்கும். இவ்வளவும் நிரலுக்கோ பயனருக்கோ தெரியாமல், கண்ணிமைப்பில் கோடியில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடும்.

முடிந்த பிறகு செயலி அதைக் குறித்துவைக்கிறது. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1995இல் வந்த பென்டியம் ப்ரோ காலத்திலிருந்து, இன்டெல் செயலிகளுக்குள் இந்த வேலைக்கென்றே தனிப் பதிவேடுகள் வரிசையாக அமைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு வரிசையும் செயலியின் ஒரு பகுதிக்கு உரியது. ஏ.எம்.டி. செயலிகளிலும் இதே ஏற்பாடு உண்டு. 64 பிட் நீளமுள்ள நிலைப் பதிவேட்டில் கடைசி பிட், இங்கே எழுதியிருப்பது செல்லும் என்று சொல்லும். அதற்கு முந்தைய பிட், இதைப் படிப்பதற்குள் இன்னொரு பிழை வந்து மோதிவிட்டது என்று சொல்லும். மூன்றாவது, திருத்த முடிந்ததா இல்லையா என்பதைச் சொல்லும். எத்தனை முறை திருத்தினேன் என்ற எண்ணிக்கைக்கும், எந்த வகைப் பிழை என்ற குறியீட்டுக்கும் அதிலேயே இடமுண்டு. திருத்த முடியாத பிழை வந்து கணினி சட்டென்று அணைந்து எழுந்தாலும், மின்சாரம் முழுதாகப் போகாதவரை அந்தப் பதிவு அழிவதில்லை. மறுபடி எழுந்ததும் இயங்குதளம் அதைப் படித்து எடுக்கும். விண்டோஸில் நிகழ்வு எண் 18 என்று சிவப்பில் வருவது பெரும்பாலும் அப்படி எழுதிவைக்கப்பட்ட வாக்குமூலம்தான். லினக்ஸ் வழக்கமாக 5 நிமிடத்துக்கு ஒருமுறை இந்தப் பதிவேடுகளைப் போய்ப் பார்த்துவரும். எம்.சி.இ. லாக், ராஸ் டீமன் போன்ற நிரல்கள் அவற்றைப் படிக்கத்தக்க சொற்களாக்கித் தரும்.

சரி, பிட் ஏன் மாறுகிறது? இந்தக் கேள்வி வந்ததும் பலரும் வானத்தைக் காட்டுவார்கள். அந்தக் கதையில் உண்மை இருக்கிறது. 1978 வாக்கில் இன்டெல் நிறுவனத்தின் நினைவகச் சில்லுகளில் காரணம் புரியாமல் பிட்டுகள் மாறின. திமோத்தி மே, முர்ரே வுட்ஸ் இருவரும் தேடிப் பார்த்தபோது, சில்லை மூடிய பீங்கான் உறையில் நுண்ணளவில் கலந்திருந்த யுரேனியம், தோரியம்தான் குற்றவாளி என்று தெரிந்தது. அவற்றிலிருந்து கிளம்பும் ஆல்பா துகளை ஒரு காகிதம் தடுத்துவிடும். ஆனால் உறையே அதைக் கக்கும்போது தடுக்க நடுவில் ஒன்றுமில்லை. அடுத்த ஆண்டே ஐ.பி.எம். ஆய்வாளர் ஜேம்ஸ் ஜீக்லர், வில்லியம் லான்ஃபோர்டோடு சேர்ந்து, விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களும் இதைச் செய்யக்கூடும் என்று கணக்கிட்டுக் காட்டினார். அந்தக் கதிர்கள் காற்று மண்டலத்தின் உச்சியில் மோதி உடையும்போது நியூட்ரான்கள் சிதறுகின்றன. அவற்றில் ஒன்று சிலிக்கான் அணுவின் கருவில் மோதினால், கிளம்பும் மின்னூட்டம் ஒரு பிட்டைப் புரட்டப் போதுமானது.

இங்கே நம் ஊர் இருக்கும் இடம் முக்கியமாகிறது. பூமியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. தும்பாவை ராக்கெட் ஏவுதளமாகத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம். இந்தப் பகுதியில் பூமியின் காந்தக் கோடுகள் தரைக்கு இணையாகப் படுத்திருப்பதால், வெளியிலிருந்து வரும் மின்னேற்றமுள்ள துகள்களை மிக வலுவாக விலக்கிவிடுகின்றன. நியூயார்க்கின் தலைக்கு மேல் ஒரு புரோட்டான் நேராக வந்து இறங்க ஏறத்தாழ 200 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இருந்தால் போதும். நம் மேல் இறங்க ஏறத்தாழ 1,700 கோடி வேண்டும். இதன் விளைவாக, கடல் மட்டத்தில் நியூயார்க் மேசையில் இருக்கும் சில்லின் மேல் விழும் நியூட்ரான்களில் ஏறக்குறைய பாதிதான் அதே மட்டத்தில் நம் சில்லின் மேல் விழும். உயரம் கூடினால் எண்ணிக்கையும் கூடும். சேந்தமங்கலத்திலிருந்து காரவள்ளி வழியாக 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிக் கொல்லிமலைக்கு ஏறிப்போகிற கணினி, அடிவாரத்தில் வாங்கியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் வாங்கும். காற்றுப் போர்வை அங்கே அவ்வளவு மெலிவு.

இந்தக் காந்தக் கவசத்தைக் கண்காணிக்கும் உலகத்தரமான கருவி ஒன்று நம் மாநிலத்திலேயே இருக்கிறது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம் ஊட்டியில், ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் நடத்திவரும் கிரேப்ஸ்-3 ஆய்வகம் அது. ஏறக்குறைய 400 உணர்கருவிகள் திறந்த வெளியில் பரந்து நிற்கின்றன. பக்கத்தில், காஸ்மிக் கதிர்களிலிருந்து பிறக்கும் மியுவான் எனும் துகள்களை எண்ணும் 560 சதுர மீட்டர் பரப்புள்ள தொலைநோக்கி. கோலார் தங்கவயலின் சுரங்க ஆழத்தில் புரோட்டான் சிதைவைத் தேடிய சோதனைக்காகச் செய்த இரும்புக் குழாய்களை எடுத்துவந்து அதைக் கட்டினார்கள். 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டிக்கு மேல் நின்ற ஓர் இடிமேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததை மியுவான் எண்ணிக்கையின் சரிவை வைத்தே அவர்கள் அளந்தார்கள். 2015 ஜூன் 22இல் சூரியப் புயல் ஒன்று பூமியின் காந்தக் கவசத்தைச் சுமார் 2 மணி நேரம் தளர்த்தியதையும், வழக்கமாக வர முடியாத துகள்கள் அப்போது உள்ளே வந்ததையும் அதே கருவிதான் பதிவுசெய்தது. நம் தலைக்கு மேல் இப்படியொரு காவல் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆகவே வானம் காரணமாக இருக்க முடியும். ஆனால் வானம் செய்யும் பிழைக்கு ஓர் அடையாளம் உண்டு. அது இடம் பார்த்து விழாது. இன்றைக்கு ஒரு கோர், பல மாதம் கழித்து வேறொரு கேஷ் என்று சிதறி விழும். ஆல்பம் கடைக் கணினியின் பதிவுகளில் ஏ.பி.ஐ.சி. எண் 6 அல்லது 7 மட்டுமே திரும்பத் திரும்ப வந்தது. ஒரு கோரில் இரண்டு இழைகள் ஓடும் அந்த மாதிரிச் செயலியில் 0, 1 என்பது முதல் கோர், 6, 7 என்பது நான்காவது கோர். எல்லாப் பிழையும் ஒரே கோரில், ஒரே வகை. வானத்திலிருந்து வரும் நியூட்ரானுக்கு நான்காவது கோர் மேல் தனிப் பகை இருக்க வாய்ப்பில்லை. திருத்தப்பட்ட பிழையைப் படிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது எண்ணிக்கையை விட இந்தத் திரும்பல்தான் என்று நினைக்கிறேன். ஒற்றைப் பதிவை மறந்துவிடலாம். ஒரே இடத்தில் மூன்றாவது முறை வரும் பதிவை மறக்கக் கூடாது.

ஒரே கோர் ஏன் தவறுகிறது? 4 கிகாஹெர்ட்ஸ் செயலி நொடிக்கு 400 கோடி முறை துடிக்கிறது. ஒரு துடிப்பு முடிந்து அடுத்தது வருவதற்குள் ஒளியே 7.5 சென்டிமீட்டர்தான் நகர முடியும். அந்த இடைவெளிக்குள் ஒரு சமிக்ஞை அடுக்கடுக்கான டிரான்சிஸ்டர்களைக் கடந்து மறுமுனையைத் தொட்டாக வேண்டும். மின்னழுத்தம் கொஞ்சம் குறைந்தால் டிரான்சிஸ்டர் தாமதிக்கும். தாமதித்தால், அடுத்த துடிப்பு அடிக்கும் கணத்தில் பழைய மதிப்பே பதிவாகிவிடும். பூச்சியமாக வேண்டியது ஒன்றாகவே நிற்கும். ஒரே தகட்டில் செய்த கோர்களிலும் ஒன்று மற்றதைவிட நுண்ணளவில் சோம்பலாக இருக்கும். அழுத்தம் குறையும்போது முதலில் தடுமாறுவது அதுதான். இந்த அழுத்தம் 1.2 வோல்ட் அளவில்தான் இருக்கும். 65 வாட் செயலிக்கு அந்த அழுத்தத்தில் 50 ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் போக வேண்டும். ஆழ்துளைக் கிணற்று மோட்டார்கூட அவ்வளவு ஆம்பியர் இழுப்பது அபூர்வம். சும்மா இருந்த கோர் திடீரென்று வேலை தொடங்கும் அந்தக் கணத்தில் மின்னோட்டம் தாவி ஏறும், மின்னழுத்தம் ஒரு கணம் பள்ளத்தில் இறங்கும்.

நம் பக்கத்தில் எதற்கும் முதலில் "கரண்ட் சரியில்லைங்க" என்பார்கள். விசைத்தறியும் சேகோ ஆலையும் மோட்டார் செட்டும் ஒரே லைனில் ஓடும் இடங்களில் மின்னழுத்தம் ஆடுவது மெய்தான். ஆனால் எஸ்.எம்.பி.எஸ். எனும் மின்வழங்கி நல்லதாக இருந்தால் அந்த ஆட்டத்தைச் செயலி வரை விடாது. 230 வோல்ட்டில் நடக்கும் சின்னச் சரிவுகளை உள்ளே இருக்கும் கெபாசிட்டர்கள் தாங்கிக்கொள்ளும். பழைய, மட்டமான எஸ்.எம்.பி.எஸ்.ஸில் கெபாசிட்டர் வறண்டு உப்பியிருந்தால்தான் அது காரணமாகும். அதைத் தெரிந்துகொள்ள நல்லதொன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதே நேர்வழி.

ஆல்பம் கடைக் கணினியில் காரணம் பயாஸுக்குள் இருந்தது. அசெம்பிள் செய்து கொடுத்தவர், வெயில் காலத்தில் சூடு குறையட்டும் என்ற நல்லெண்ணத்தில் கோர் மின்னழுத்தத்தை நிர்ணயித்ததற்குக் கீழே இறக்கி வைத்திருந்தார். மூன்று கோர்கள் அதைத் தாங்கின, நான்காவது தாங்கவில்லை. பயாஸை ஆலை அமைப்புக்குத் திருப்பியதும் அழுத்தம் உயர்ந்தது, சூடும் கூடியது. எனவே ஹீட் சிங்க்கின் இடுக்குகளில் படிந்திருந்த தூசியை ஊதி எடுத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாகத் தடவ வேண்டியிருந்தது. சமவெளி வெயிலில் 40 டிகிரியை நெருங்கும் காற்றைத்தானே விசிறி உள்ளே இழுக்கிறது! அதன் பிறகு அந்த முக்கோணங்கள் வரவில்லை.

ஆலை அமைப்புக்குத் திரும்புவதை எந்த மருத்துவத்துக்கும் முதல் படியாக வைக்கலாம். ஓவர்க்ளாக், குறைத்த அழுத்தம், எக்ஸ்.எம்.பி. எனப்படும் நினைவக வேகக் கூட்டல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். நினைவக வேகத்தைக் கூட்டிய, ஏ.எம்.டி.யின் ரைசன் செயலி உள்ள கணினிகளில் பஸ் அல்லது இணைப்புப் பிழை என்று வந்தால், கோர்களையும் நினைவகத்தையும் சேர்க்கும் உள்வழித்தடம் அந்த வேகத்தைத் தாங்கவில்லை என்று சந்தேகிக்கலாம். நிகழ்வு எண் 17 வந்தால் அது பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் வழியின் பிழை. செயலியை விட்டுவிட்டு கிராஃபிக்ஸ் கார்டையும் எஸ்.எஸ்.டி.யையும் கழற்றி மாட்டிப் பார்க்கலாம். இன்னொன்று பலரைக் குழப்புவது. கணினி கடுமையாக உழைக்கும்போது பிழை வராமல், சும்மா ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது வரும். எல்லாக் கோர்களும் உழைக்கையில் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. ஒற்றைக் கோர் மட்டும் விழித்திருக்கையில்தான் உச்ச வேகத்துக்குத் தாவுகிறது. ஆகவே எல்லாக் கோர்களையும் சேர்த்து ஓட்டிப் பார்க்கும் சோதனையில் தேறியதால் மட்டும் செயலி நலம் என்று முடிவுகட்டக் கூடாது. கோர் கோராகத் தனித்தனியே ஓட்டிப் பார்க்க வேண்டும். எல்லாம் ஆலை அமைப்பில் இருந்து, எஸ்.எம்.பி.எஸ்.ஸும் மதர்போர்டும் மாற்றிய பிறகும் அதே கோர் அதே பிழையைத் தந்தால் செயலியே தேய்ந்திருக்கிறது.

செயலி தேயும் என்பதைப் பலர் நம்புவதில்லை. அதில் நகரும் பாகம் ஏது என்பார்கள். நகர்வது மின்னோட்டம். அது நுண்கம்பியின் உலோக அணுக்களையே காலப்போக்கில் தள்ளிக்கொண்டு போகும். டிரான்சிஸ்டர்களும் ஆண்டுக்கணக்கில் அழுத்தம் தாங்கித் தாங்கி மந்தமாகும். புதிதாக இருக்கையில் 1.2 வோல்ட்டில் ஓடியது, பிறகு கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். 2024இல் இன்டெல்லின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகள் பலருக்குத் திடீர் திடீரென்று முடங்கின. அளவுக்கு மீறிய மின்னழுத்தம் உள்ளே துடிப்பைக் கொண்டுசெல்லும் சுற்றை மூப்படையச் செய்திருந்ததாக நிறுவனமே அறிவித்தது. ஆகஸ்டிலும் அடுத்த மாதமும் திருத்திய மைக்ரோகோட் வெளியிட்டு, உத்தரவாதத்தை 2 ஆண்டு நீட்டித்தது. மைக்ரோகோட் மேற்கொண்டு தேயாமல் காக்கும், ஏற்கெனவே தேய்ந்ததை மீட்காது. அந்தத் தலைமுறைச் செயலி வைத்திருப்பவர்கள் பயாஸைப் புதுப்பிக்காமல் இருந்தால் இன்றே செய்துவிட வேண்டும்.

மஞ்சள் முக்கோணம் நல்ல அறிகுறி என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. அங்கே காவல் இருந்திருக்கிறது, அது விழித்திருந்திருக்கிறது. உண்மையில் கவலை தர வேண்டியது காவலில்லாத இடங்கள். சாதாரண மேசைக் கணினிகளில் பெரும்பாலானவற்றின் நினைவகத்தில் அந்த 8 பிட் காவலர்கள் இல்லை. அங்கே பிட் மாறினால் எந்தப் பதிவும் எழாது. ஆல்பத்தில் ஒரு முகத்தின் குறுக்கே ஒரு நிறக்கோடு விழும், அல்லது கணக்குக் கோப்பில் ஒரு தொகை மாறும். டி.டி.ஆர்.5 நினைவகச் சில்லுகள் தமக்குள்ளேயே திருத்திக்கொள்கின்றன என்றாலும், திருத்தியதை வழக்கமாக வெளியே சொல்வதில்லை. மெம்டெஸ்ட் போன்ற நிரலை இரவு முழுக்க ஓடவிட்டுப் பார்ப்பது ஒன்றே வழி. கூகுள் தன் சர்வர்களின் நினைவகத்தை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட கட்டுரை, ஓராண்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இயந்திரங்கள் திருத்தத்தக்க நினைவகப் பிழையை ஒருமுறையாவது சந்தித்ததாகச் சொன்னது. காவல் இருந்ததால் கிடைத்த கணக்கு அது. அதே பிழைகள் காவல் இல்லாத மேசைகளிலும் நடக்கும், எண்ணத்தான் ஆளில்லை.

கணக்கிடும் பகுதியிலேயே ஓட்டை விழுந்தால் இன்னும் மோசம். கேஷில் கிடக்கும் தகவலுக்குப் பாரிட்டி போடலாம். பெருக்கலும் வகுத்தலும் செய்யும் சுற்றுகளில் அப்படிச் சுலபமாகக் காவல் வைக்க முடியாது. 2021இல் ஃபேஸ்புக் பொறியாளர் ஹரீஷ் தத்தாத்ரேய தீட்சித்தும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில் அப்படியொரு செயலி வருகிறது. சுருக்கிவைத்த கோப்புகளை விரிக்கும்போது சில கோப்புகள் காணாமல் போயின. தேடிக்கொண்டே போனதில் ஒரே ஒரு செயலியின் ஒரே ஒரு கோர் மாட்டியது. 1.1ஐ 53 முறை பெருக்கி முழு எண்ணாக்கச் சொன்னால் 156 வர வேண்டும். அந்தக் கோர் பூச்சியம் என்றது. 52 முறை பெருக்கச் சொன்னால் 142 என்று சரியாகச் சொன்னது. பிழைப் பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை. செயலியைப் பொறுத்தவரை எதுவும் நடக்கவில்லை. அதே ஆண்டு கூகுள் பொறியாளர்களும், பல்லாயிரம் இயந்திரங்களில் இப்படிச் சில கோர்கள் இருப்பதாக எழுதினார்கள். இப்போது பெரிய தரவு மையங்களில், விடை தெரிந்த கணக்குகளை ஒவ்வொரு கோருக்கும் அவ்வப்போது கொடுத்து வாங்கிச் சரிபார்க்கிறார்கள்.